நெல்சன் கழற்றிய நாலு லைட்டு

நெல்சனின் பிக்கப் அன்று சாயங்காலம் மொட்டைத் தலையோடு வீடு வந்து சேர்ந்தது.

போர்ட் பிளேரின் ஷாதிபூர் மேட்டில் அது முக்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டாலே கிரேசி வாசல் கதவைத் திறந்துவிடுவாள். அன்றும் திறந்தாள், தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். டிரைவர் கேபினுக்கு மேலே நாலு வருஷமாகக் கொலுவிருந்த நாலு லைட்டையும் காணவில்லை. ஓரத்தில் மஞ்சள், நடுவில் இரண்டு வெள்ளை, மறு ஓரத்தில் மஞ்சள். சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்தவை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறானோ இல்லையோ, நெல்சன் அவற்றைத் துடைக்காமல் இருந்ததில்லை. பாராடாங் தீவுக்குப் போகிற வண்டிகள் கான்வாயாக விடியற்காலை இருட்டில் வரிசைகட்டி நிற்கும்போது, முப்பது வண்டிக்குப் பின்னால் நின்றாலும் 'அதோ நெல்சன் காடி' என்று வண்டியை அடையாளம் சொல்வார்கள். பெற்ற பிள்ளையைப் போல வைத்துக்கொண்டிருந்ததை ஒரே நாளில் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்த மனுஷன் ஒன்றுமே நடக்காதது போலக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, லைட்டு எங்க?"

"கழத்தியாச்சு."

"அதான் தெரியுதே. எதுக்குக் கழத்துனீய?"

"ஆர்டிஓ சாலான் போடுதான். கூரைல லைட்டு இருந்தா இனிமே ஃபைனாம்."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துத் தெருப் பெங்காலி மண்டலின் பிக்கப் ஆறு லைட்டோடு அவர்கள் வாசலைத் தாண்டிப் போனது. போகிறவன் சும்மா போகாமல் ஹாரன் அடித்து, லைட்டையும் ஒருமுறை மின்னிவிட்டுப் போனான். கிரேசி மண்டலின் வண்டியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். நெல்சன் சோப்பைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

கிரேசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மற்றவர்களுக்குக் காரணம் முதலில் வரும், சந்தேகம் அப்புறம் வரும். இவளுக்குச் சந்தேகம் முதலில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும், காரணம் மூச்சிரைக்க ஓடிவர வேண்டியதுதான். ஜங்கிளிகாட் மார்க்கெட்டில் மீன் வெட்டி விற்கிறவள். சுர்மை மீன் அவள் கண்ணெதிரே துள்ளிக்கொண்டிருந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். காலண்டர்காரன் தேதியைச் சரியாகப் போட்டிருக்கிறானா என்றுகூட அவளுக்கு அவ்வப்போது ஐயம் வருவதுண்டு.

வீட்டின் முன்னறைக் கட்டிலில் அவள் தம்பி இருதயநாதன் படுத்திருந்தான். வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு. ஒரு மாதத்துக்கு முன்பு பர்மாநாலா கரையில் டிங்கி என்கிற சின்ன எஞ்சின் படகைப் பாறையில் மோதி நொறுக்கியவன் அவன்தான். டிங்கி தம்பையாவுடையது. ஷாதிபூரிலேயே கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிற பெரியவர். இருதயம் தனியாளாக ஓட்டி மீன் பிடித்து வருவான், நெல்சன் அதைக் கரையிலேயே பிக்கப்பில் ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவான்.

பர்மாநாலாவில் கரை நெடுகப் பாறை. டிங்கி உள்ளே நுழைய அவர்கள் பக்கத்தில் ஒரே ஒரு வழிதான். அந்தமானிலோ ஐந்தரை மணிக்கெல்லாம் கும்மிருட்டாகிவிடும். அதனால் மச்சானும் மச்சினனும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வழிக்கு நேர் எதிரே கரையில் ஒரு பூவரச மரம் உண்டு. நெல்சன் அதன் அடியில் கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தி, கூரையிலிருக்கும் நாலு லைட்டையும் போட்டுவிடுவான். மஞ்சள், வெள்ளை, வெள்ளை, மஞ்சள். அதைப் பார்த்து நேரே வந்தால் டிங்கி வழிக்குள் வந்துவிடும். மற்ற படகுக்காரர்கள் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறவர்கள். அவர்களுக்கு இந்த விஷயமே தெரியாது.

அப்படி இருந்தும் அன்று டிங்கி பாறையில் ஏறியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, "லைட்டப் பாத்துதான்க்கா நேரா வந்தேன்" என்றான் இருதயம். கிரேசி குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். வாடை இருந்தது. "குடிச்சிருக்கான்" என்றாள், அங்கிருந்த நர்ஸுக்கும் கேட்கும்படி. நெல்சனும், "நான் எப்பவும்போல மரத்தடிலதான் நின்னேன்" என்றான். மத்தியானம் ஒரே ஒரு கிளாஸ்தான் என்று தம்பி முனகியது யார் காதிலும் ஏறவில்லை. அவன் முன்பு குடித்துக் கூத்தடித்தவன். விட்டுவிட்டேன் என்று இரண்டு தடவை சத்தியம் செய்தவன். மூன்றாவது தடவை நம்புவதற்குக் கிரேசி என்ன அசடா?

அதோடு விடவில்லை அவள். மறுநாளே தம்பையா வீட்டுக்குப் போய், "அண்ணே, இவன் குடிய விடுற வரைக்கும் இவன் கைல டிங்கியக் குடுக்காதீய, பெறவு என்னயக் கேக்காதீய" என்று சொல்லிவிட்டு வந்தாள். அக்காக்காரியே சொன்ன பிறகு தம்பையா யோசிப்பாரா? இப்போது அவர் புதுசாக ஒரு டிங்கி வாங்கியிருந்தார். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அதை மந்திரித்து ஆசீர்வதிப்பார். அன்று தம்பையா யார் கையில் கொடுக்கிறாரோ அவன்தான் அதற்கு ஆள். ஒரு தெலுங்குக்காரனைப் பேசி வைத்திருக்கிறார் என்று கேள்வி. இன்னும் கொஞ்ச நாளில் கட்டுப் பிரித்துவிடுவார்கள், கால் சரியாகிவிடும், ஆனால் நம்பி டிங்கி கொடுக்க ஊரில் ஆள் இருக்காது. கடலைத் தவிர இருதயத்துக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

முதல் வாரமெல்லாம் "லைட்டு இருந்துச்சு, நேரா வந்தேன்" என்று கத்திக்கொண்டிருந்தவன், கொஞ்ச நாளாக ஓட்டுக்கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "இல்லாத லைட்டத்தான் பாத்துட்டேனோ என்னவோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தான். வீட்டுக்கு வந்த சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடக் குடித்துவிட்டு டிங்கியை உடைத்தேன் என்றே சொல்லிவிட்டானாம். "இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே" என்றாள் கிரேசி.

லைட்டு விவகாரத்துக்கு வருவோம். மறுநாள் காலை நெல்சன் எழுவதற்கு முன்பே அவள் பிக்கப்பின் டயரில் கால் வைத்து ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்தாள். லைட்டு மாட்டியிருந்த கம்பியை முடுக்கிய ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, பெயிண்டும் அடித்திருந்தது. அங்கே எதுவும் இருந்த சுவடே இல்லை. ஃபைனுக்குப் பயந்தவன் லைட்டைக் கழற்றுவான், சரி. ஓட்டையை எதற்கு அடைப்பான்? நாளைக்குச் சட்டம் மாறினால் திரும்ப மாட்ட வேண்டாமா? இது ஃபைன் இல்லை, இதில் வேறு என்னமோ இருக்கிறது என்று அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பிரவீன்குமாரின் கடை. வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். நெல்சன் வேறு யாரையும் வண்டியைத் தொட விடமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

"வாங்கக்கா. பாத்தீங்கல்ல, எப்படி இருக்கு? ஓட்டை இருந்த எடமே தெரியாது. பக்கா வேலை" என்றான் பிரவீன்குமார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆர்டிஓ ரொம்பக் கெடுபிடி பண்ணுதானோ?"

"ஆர்டிஓவா? அரே, இந்த மாசம் மட்டும் எத்தனை வண்டிக்கு லைட்டு மாட்டியிருக்கேன். ஒருத்தனும் கேக்கல."

கிரேசி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கழத்துன லைட்டு எங்க?"

அவன் மூலையில் கயிறு கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினான். "லாங் ஐலண்டுக்குப் போகுது. நாளைக்குப் போட்ல ஏத்தணும். அண்ணன் சும்மாவே குடுத்துட்டாரு. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாரு."

"என்ன கண்டிஷன்?"

"போர்ட் பிளேர் பக்கத்துல எந்த வண்டிலயும் இதை மாட்டக் கூடாதாம். இந்த ரோட்டுல இதைப் பாக்கவே கூடாதுன்னாரு. ஏண்ணேன்னு கேட்டதுக்கு, உன் வேலையப் பாருல-ன்னுட்டாரு. உள்ள இருந்த சுவிட்சக்கூடப் பிடுங்கச் சொல்லிட்டாருக்கா."

அன்று முழுக்க கிரேசிக்கு மீன் வெட்டுவதில் கை ஓடவில்லை. சுவிட்சைக்கூடவா? அப்படியானால் இந்த மனுஷனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. எங்கே கண்டுவிடக் கூடாது? பாராடாங்கில் ஒருத்தியை வைத்திருக்கிறானோ என்பதுதான் முதலில் வந்தது. ஐஸ் ஏற்றிக்கொண்டு வாரம் ஒருதரம் அங்கே போகிறவன். கூரையில் லைட்டு இல்லாவிட்டால் அவள் வீட்டு வாசலில் நிற்கிற வண்டி யாருடையதென்று எவனுக்கும் தெரியாது. இந்த எண்ணத்தை அவள் மத்தியானம்வரை வைத்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. கூரை லைட்டை வைத்துக்கொண்டு காட்டோரம் மான் வேட்டை ஆடுகிறவர்கள் உண்டு. கண் கூசி நிற்கிற மானைச் சுட்டு, மீன் பெட்டிக்கு அடியில் போட்டுக் கொண்டுவந்து விற்பார்கள். ஃபாரஸ்ட்காரர்கள் போன வாரம்தான் ஒரு ஜீப்பைப் பிடித்தார்கள் என்று மார்க்கெட்டில் பேச்சு. சாயங்காலம் பிக்கப் வந்ததும் பின்பக்கம் ஏறி, பெட்டிகளை நகர்த்தி, பலகை இடுக்கெல்லாம் மோந்து பார்த்தாள். மீன் நாற்றத்தைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. மீன் விற்கிறவள் மீன் நாற்றத்துக்குள் வேறு நாற்றத்தைக் கண்டுபிடித்துவிடுவாளா என்ன!

"அங்க என்னட்டி பண்ணுத?" என்று நெல்சன் கீழே நின்று கேட்டான்.

"கழுவுதேன். நாறிப்போய்க் கெடக்கு."

"கைல தண்ணியக் காணோமே."

"இனிமேதான் எடுக்கணும்" என்று இறங்கிப் போனாள். இருவரில் யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்பது அந்த நேரம் அந்த வீட்டில் யாருக்கும் விளங்கியிருக்காது.

இரவு சோறு போடும்போது பேச்சுவாக்கில் கேட்பது போல, "பர்மாநாலாப் பக்கம் போறதே இல்லையே, ஏங்க?" என்றாள்.

நெல்சன் உருட்டிய சோறு கையிலேயே நின்றது. "அங்க என்ன இருக்கு? நான் இப்ப வண்டூர்ப் பக்கம்லா போறேன்."

"அங்கயும் மீனுதான, இங்கயும் மீனுதான?"

"அங்க போனா இருதயம் ஞாபகம் வருதுட்டி" என்றான். அவன் கண் கலங்கியது.

கிரேசிக்குக் கோபம்தான் வந்தது. ஞாபகம் வருவதற்கு அவன் என்ன செத்தா போனான்? பத்தடி தள்ளி முன்னறையில்தானே படுத்திருக்கிறான்! நினைத்த மாத்திரத்தில் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. நெல்சன் இப்போதெல்லாம் சாப்பிடுவது அடுக்களையில். முன்பு முன்னறையில் டிவிக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறவன். இருதயம் அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. பழமும் மருந்தும் வாங்கி வருவான், வாசலில் நின்று கிரேசியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவான். குடிகாரன் மேல் கோபம் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். கோபமாக இருப்பவன் ஆரஞ்சுப்பழம் வாங்கி வருவானா?

லைட்டு, பர்மாநாலா, இருதயம். மூன்றும் சேர்ந்து ஏதோ சொல்வது போலிருந்தது. என்ன சொல்கிறது என்றுதான் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பர்மாநாலா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

அங்கே கரையோரம் வாலிபால் ஆடும் மைதானம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் பொன்னம்மாவின் டீக்கடை. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட மனுஷி. இருதயம் அங்கே வாடகை அறையில் இருந்தபோது அவள் கடையில்தான் சாப்பாடு. கிரேசியைப் பார்த்ததும் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"வா தாயி. தம்பிக்குக் கால் எப்பிடி இருக்கு?"

"கட்டு இன்னும் பிரிக்கலக்கா."

"பாவம், நல்ல புள்ள. அது கெடக்கட்டும், உன் வீட்டுக்காரரு ஏன் இந்தப் பக்கமே தலை காட்டுறதில்ல? பசங்கல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காய்ங்க."

கிரேசி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "எந்தப் பசங்க?"

"இந்தா, பந்து ஆடுற பசங்கதான். அன்னைக்கு ஃபைனலு. பாதி ஆட்டத்துல பிஜிலி போயி ஒரே இருட்டாயிருச்சு. அம்புட்டுப் பேரும் தலைல கை வச்சு உக்காந்துட்டாய்ங்க. உன் வீட்டுக்காரர்தான் வண்டியக் கொண்டாந்து இங்க நிறுத்தி, மேல இருந்த லைட்டு பூராத்தையும் போட்டு விட்டாரு. பட்டப்பகல் மாதிரி ஆயிருச்சு. எனக்கும் அன்னைக்கு நல்ல யாவாரம் தாயி, பொய் சொல்லக் கூடாது."

"அது என்னைக்கு நடந்துச்சு?"

"என்னைக்கா? உன் தம்பி அடிபட்ட அன்னைக்குத்தான். மூணாவது ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கு, கடலுக்குள்ள இருந்து படார்னு ஒரு சத்தம். அப்பறம் ஐயோன்னு கத்துறது கேட்டுச்சு. அத்தனை பேரும் ஓடுனோம். முதல்ல ஓடுனது உன் வீட்டுக்காரர்தான். தண்ணிக்குள்ள விழுந்தடிச்சுப் போயி அவர்தான் தூக்கிட்டு வந்தாரு." பொன்னம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எஞ்சின் நின்னு போயி அலை இழுத்திருச்சாமே?"

கிரேசி மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். "வண்டிய எந்தப் பக்கம் பாத்து நிறுத்தியிருந்தாரு?"

"கடலப் பாத்துத்தான். ரோட்டுப் பக்கமிருந்து வந்தா அப்பிடித்தான நிறுத்த முடியும்?"

கிரேசி எழுந்து மைதானத்தின் ஓரத்துக்குப் போனாள். வண்டி நின்றதாகப் பொன்னம்மா கை காட்டிய இடத்தில் நின்று கடலைப் பார்த்தாள். நேர் எதிரே, தண்ணீர் வடிந்து கிடந்த நேரத்தில், பாறைகள் கறுப்புக் கறுப்பாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. வழி எங்கே என்று தேடினாள். அது வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி, பூவரச மரத்துக்கு நேரே, கலங்கலில்லாமல் நீலமாகக் கிடந்தது. இருட்டில் கடலிலிருந்து வருகிறவனுக்கு மரம் தெரியாது, மைதானமும் தெரியாது. மஞ்சள், வெள்ளை, வெள்ளை, மஞ்சள் மட்டும்தான் தெரியும். அவள் தம்பி சொன்னபடியே, அந்த லைட்டைப் பார்த்து நேரேதான் வந்திருக்கிறான்.

பாராடாங்கில் ஒருத்தி இருந்திருந்தால்கூட அவளுக்கு இப்படி வலித்திருக்காது. ஒரு கூடை மண்ணை வாரிப் போடலாம் போல அத்தனை ஆத்திரம் புருஷன் மேல். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெங்காலிப் பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள்.

வீட்டு வாசலில் நெல்சன் பிக்கப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். கிரேசி அவன் எதிரே போய் நின்றாள். சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"மூணாவது ஆட்டத்துல யாருங்க ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

ரப்பர் குழாய் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் பாம்பு போலத் துள்ளியது. அவன் அதை எடுக்கவில்லை. பேயறைந்தவன் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"முடியல. ஆட்டம் முடியவே இல்ல" என்றான். "பத்து நிமிஷம்னுதான் நெனச்சேன் கிரேசி. அவன் வார நேரம்னு தெரியும். இந்தப் பாயிண்டு முடியட்டும், இந்தப் பாயிண்டு முடியட்டும்னு நின்னுட்டேன். எல்லாவனும் நெல்சன் பாய், நெல்சன் பாய்னு கத்துதான். நமக்கும் ஒரு பெருமை. அவன் இந்த லைட்டப் பாத்து இங்க வருவான்னு சத்தியமா அந்த நேரம் மண்டைல ஏறல."

"ஆஸ்பத்திரில சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ அவன் வாய மோந்து பாத்துட்டு, குடிச்சிருக்கான்னுட்ட. எனக்கு அது வசதியாப் போச்சு." அவன் முகத்தை ஈரக்கையால் துடைத்தான். "பெறவு சுவிட்சத் தொட்டாலே அவன் கத்துன சத்தம் கேட்டுச்சு. அதுமட்டும் இல்ல. எவனாச்சும் அந்த லைட்டப் பாத்துட்டு ஃபைனல் கதைய இங்க வந்து பேசிருவானோன்னும் பயந்தேன். அதான் கண் காணாத எடத்துக்கு அனுப்பச் சொன்னேன்."

"நாளைக்கு அந்த டிங்கி வேறொருத்தன் கைக்குப் போவுது. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீயளா!" என்று கத்திவிட்டாள். "உள்ள வாங்க. இப்பவே சொல்லணும்."

"கால் குணமாகட்டும்னு..."

"அவன் மனசுல்லா ஒடஞ்சு கெடக்கு!"

முன்னறையில் இருதயம் அவர்கள் போட்ட சத்தத்தில் தலையணையை முட்டுக்கொடுத்து எழுந்து உட்கார்ந்திருந்தான். நெல்சன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, மாவுக்கட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். பிஜிலி போனது, பையன்கள் கூப்பிட்டது, மைதானம், மூன்றாவது ஆட்டம். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. தான் பிரவீன் கடையிலும் பர்மாநாலாவிலும் போய்க் கேட்டதைக் கிரேசியும் நடுநடுவே சொன்னாள். கடைசியில், "அடிக்கணும்னா அடில" என்றான்.

இருதயம் அடிக்கவில்லை. கணக்குப் பார்க்கிறவன் போல விரலை மடக்கி, "மஞ்சள், வெள்ளை, வெள்ளை, மஞ்சள். அப்போ நான் பாத்தது சரிதான மச்சான்?" என்றான்.

"சரிதான்."

"லைட்டு இருந்துச்சு."

"இருந்துச்சு ராசா. நீ நேராத்தான் வந்த."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். "கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னுல்லா நெனச்சேன்! ஒரு கிளாஸுக்கே இல்லாதது தெரியுதுன்னா இனி கடலுக்கே போகக் கூடாதுன்னு முடிவே பண்ணிட்டேன்." நெல்சன் ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தோளில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தான்.

கிரேசி கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். "நான் தம்பையா அண்ணன் வீட்டுக்குப் போறேன். இப்பவே போய்ச் சொன்னாத்தான்..."

"மச்சான் போகட்டும்" என்றான் இருதயம். "நீ இருக்கா."

நெல்சன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு பின்தெருப் பக்கம் நடந்தான். வண்டியை எடுக்கவில்லை. தம்பையா கேட்டுவிட்டு என்ன சொல்வாரோ, தெலுங்குக்காரனிடம் பேசிய பேச்சை மாற்றுவாரோ மாட்டாரோ, யாருக்குத் தெரியும்? சொல்ல வேண்டியவன் சொல்லப் போய்விட்டான், அவ்வளவுதான் அந்த நேரத்துக்கு.

"மச்சான் பயந்துட்டாரு. பயத்துல பொய் சொல்லிட்டாரு" என்றான் இருதயம். அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் கிரேசிக்குத் தாங்கவில்லை. "நாலு லைட்டு காணாமப் போச்சுன்னதும் நீ பிரவீன் கடைக்குப் போன, வண்டிய மோந்து பாத்த, பர்மாநாலா வரைக்கும் பஸ் ஏறிப் போய்க் கேட்டுட்டு வந்திருக்க. நான் இந்தக் கட்டில்ல ஒரு மாசமாக் கெடக்கேன். நீ என்கிட்ட ஒரு தடவ கேக்கலியேக்கா."

ஊரையெல்லாம் துருவித் துருவிக் கேட்டவளுக்கு, தம்பி குடித்துவிட்டுத்தான் மோதினான் என்பது மட்டும் கேட்காமலேயே தெரிந்திருந்தது. அந்தத் தெரிந்ததைத்தான் தம்பையா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நெல்சன் செய்தது ஒருநாள் சாயங்காலத்துத் தப்பு. தான் செய்தது ஒரு மாதமாகத் தினமும் மூன்று வேளை சோற்றோடு சேர்த்துப் பரிமாறியது என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கத்தில் காதுமடல் சுட்டது.

துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுல" என்றாள். "அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

இருதயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் டிங்கியைத் தண்ணீரில் தள்ளியதிலிருந்து ஆரம்பித்தான்.